லயத்தில் எது அமைதியான நேரம்? விடியற்காலையா, காலை பத்து மணியா?

கொழும்பில் வேலை செய்த ஒன்பது வருடத்தில் இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை: "உங்களுக்கு என்ன, ஊருக்குப் போனால் மலை, பனி, அமைதி!" நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் மூன்று நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவளுக்கு, ஊர் எந்த நேரத்தில் அமைதியாக இருக்கிறது, எந்த நேரத்தில் இல்லை என்றெல்லாம் பார்க்க எங்கே நேரம். போன வருடம் ஒபிஸில் "இனி வீட்டிலிருந்தே செய்யலாம்" என்றதும் லெப்டொப்பையும் இரண்டு பேக்கையும் தூக்கிக்கொண்டு தலவாக்கலைப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே வந்துவிட்டேன். முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. வெள்ளவத்தை ரூமில், காலி வீதி பஸ் இரைச்சலுக்கு நடுவிலும், ஜன்னலைச் சாத்தினால் நான் தனி. இங்கே சாத்துவதற்கு இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் சரியாகச் சாத்தாது.

எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, வெள்ளைக்காரன் காலத்தது. ஒரே கூரைக்குக் கீழே பத்துக் காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றுவிடும். பக்கத்துக் காம்பரா தாத்தா இருமினால் நம் தொண்டை கரகரக்கும். மூன்றாவது வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தால் பத்து வீடும் தும்மும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் பிறந்து வளர்ந்து ஓ.எல். பாஸ் பண்ணியதெல்லாம் இந்தச் சத்தத்துக்குள்தான், ஆனால் நாள் முழுக்க யாரோ ஒருத்தருடைய கணக்கைப் பார்த்துப் பார்த்து மண்டை சூடாகிப் போகிறவளுக்கு ஒரு மணி நேரமாவது தனியாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யப்போகிறாய் என்று அண்ணன் கேட்டார். ஒன்றும் செய்யப் போவதில்லை, அதற்குத்தான் வேண்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சரி, எந்த ஒரு மணி நேரம்? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அதனால் ஒரு கொப்பியை எடுத்து இரண்டு மாதத்துக்கு எழுதி வைத்தேன். ஆராய்ச்சி எல்லாம் இல்லை, மூன்றே விஷயம்தான்: காதுக்கு எப்படி இருந்தது, உடம்புக்கு எப்படி இருந்தது, அந்த நேரத்துக்குள் எத்தனை தடவை யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்றாவதை முதலில் விளையாட்டாகத்தான் எழுத ஆரம்பித்தேன், ஒரு வாரத்தில் மற்ற இரண்டையும் விட அந்தப் பத்திதான் நீளமாகிவிட்டது.

எல்லாரையும் போல நானும் விடியற்காலையில்தான் ஆரம்பித்தேன். நம் நாட்டில் சூரியன் வருடம் முழுக்க 5.50க்கும் 6.30க்கும் நடுவில்தான் உதிக்கும், ஜூனுக்கும் ஜனவரிக்கும் அரை மணி சொச்சம்தான் வித்தியாசம். அதனால் 4.30க்கு எழுந்தால் எந்த மாதமானாலும் ஒரு மணி நேர இருட்டு முழுசாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி. லயத்தைத்தான் அதில் சேர்க்க மறந்துவிட்டேன். நாலே காலுக்கே முதல் போன் அலாரம் அடிக்கிறது, அது நிற்பதற்குள் இன்னொரு காம்பராவில் அடுத்தது. அப்புறம் விறகு முறிக்கிற சத்தம், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வாளியை வைக்கிற சத்தம், அம்மியில் சம்பல் அரைக்கிற சத்தம், ரொட்டி மாவைக் கையில் தட்டுகிற டப் டப். ஏழு மணிக்கெல்லாம் கூடையும் இடுப்பில் கட்டுகிற படங்குமாகப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, வந்து நிற்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் காலைச் சாப்பாடு, பகல் சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாடு, தண்ணீர், துணி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நாலரைக்கு எங்கள் லயத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் ஆண்களும் பிள்ளைகளும்தான்.

சின்ன வயதில் எனக்கு அந்த நேரம் எவ்வளவு சுகமாக இருந்தது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, குசினியில் அம்மா நடமாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மறுபடி தூங்கிப் போவேன். விடியற்காலை மாதிரி வருமா என்று கொழும்பில் நான் மற்றவர்களிடம் சொன்னதெல்லாம் அந்தக் கம்பளிக்குள் இருந்து பார்த்த விடியற்காலை. இப்போது முப்பத்து நாலு வயதில் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், உட்கார்ந்தால், உள்ளே அண்ணி ஊதாங்குழலோடு அடுப்பில் போராடிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். முதல் நாள் உட்கார்ந்தேன், இரண்டாம் நாள் உட்கார்ந்தேன், மூன்றாம் நாள் எழுந்து போய்த் துருவுபலகையை எடுத்துப் போட்டுத் தேங்காய் துருவ ஆரம்பித்துவிட்டேன். கொப்பியில் அந்த வாரம் பூராவும் "கூப்பிட்டது: 0" என்றுதான் இருக்கிறது, ஆனாலும் ஒரு நாள்கூட ஐந்து மணிக்கு மேல் உட்கார்ந்திருக்கவில்லை.

விடியற்காலையைப் பற்றி இன்னொன்று. அமைதி என்று நாம் நினைக்கிற அளவுக்கு அது காதுக்கு அமைதியான நேரமும் இல்லை. ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கிவிடுகிறது, மேலே இருக்கிற காற்று அதைவிடச் சூடு. அப்படி இருக்கும்போது மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து மறுபடி கீழேயே வந்து சேரும், தூரத்துச் சத்தம் பக்கத்தில் கேட்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் இது தலைகீழாகிவிடுகிறது, சத்தம் மேலே வளைந்து போய்விடும். அட்டன் ரோட்டில் முதல் பஸ் அடிக்கிற ஹோர்ன் விடியற்காலை எங்கள் வாசலில் அடித்த மாதிரி இருக்கும், அதே பஸ் பத்து மணிக்கு அதே வளைவில் அடித்தால் கேட்கவே கேட்காது. பன்சலையில் (பௌத்த விகாரையில்) ஓதுகிற பிரித், பள்ளிவாசல் பாங்கு, எங்கள் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி எல்லாமே அந்த நேரத்துக்குத்தான் சேர்ந்து வருகின்றன. மார்கழி வந்தால் திருவெம்பாவைப் பஜனை வேறு. அது எனக்குப் பிடிக்கும், நானும் போயிருக்கிறேன், ஆனால் அது அமைதியில் சேராது. அம்மா சொல்வார், முன்னெல்லாம் அந்த நேரத்தில் சென் கிளேயர் அருவி விழுகிற சத்தம் ஊருக்கே கேட்குமாம். 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் வேலை தொடங்கியதிலிருந்து ஆற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு சுரங்கத்துக்குள் போகிறது, அருவி மெலிந்துவிட்டது. இருந்த நல்ல சத்தம் போய், ஹோர்ன் மட்டும் மிச்சம்.

குளிரையும் சொல்ல வேண்டும். தலவாக்கலை 1,200 மீற்றர் உயரம்தான், நுவரெலியா மாதிரி 1,868 மீற்றர் இல்லை. அங்கே ஜனவரி, பெப்ரவரியில் சில நாள் புல்லின் மேல் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். எங்களுக்கு அவ்வளவு இல்லாவிட்டாலும் நாலரை மணிச் சிமெந்துத் திண்ணை எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்றரைக்கே எழுந்துவிட்டால் என்ன என்றும் ஒரு வாரம் பார்த்தேன். உண்மையிலேயே அமைதிதான், நாய்கூடக் குரைக்கவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் எக்செல் கட்டமெல்லாம் கண்ணுக்கு முன்னால் நீந்தியது. ராத்திரி எட்டரைக்குப் படுக்கிற ஆளுக்கு மூன்றரை சரியாக இருக்கலாம். நான் அந்த ஆள் இல்லை.

ராத்திரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்து மணி வரைக்கும் டிவி சீரியல், பத்துக் காம்பராவில் ஆறு வீட்டில் ஒரே சீரியல், ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் ஓரிரண்டு வினாடி முன்பின் என்பதால் ஒரே மாமியார் ஒரே திட்டை எதிரொலி போட்டுத் திட்டுவார். அது ஓய்ந்த பிறகு ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, விசிறி. தேயிலை ஸ்டோருக்குக் கிட்ட வீடு இல்லாதவர்களுக்கு இது புரியாது: பகலில் பறித்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி இரவெல்லாம் வாட்டுவார்கள், அப்புறம்தான் ரோலருக்குப் போகும். அதனால் லயம் தூங்கப் போகும்போது ஸ்டோர் முழு மூச்சோடு இரைந்துகொண்டிருக்கும். பழகினால் அது ஒரு மாதிரித் தாலாட்டு, தூங்குவதற்கு நல்லது. விழித்து உட்கார்ந்திருப்பதற்கு இல்லை. சம்பள நாள், முன்பணம் கொடுக்கிற நாள் ராத்திரிகளைப் பற்றி எழுதவே வேண்டாம்.

அந்தி நேரம் எனக்குப் பெரிய ஏமாற்றம். அழகு என்று பார்த்தால் அதை மிஞ்ச எதுவும் கிடையாது, மேற்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கும்போது தேயிலை நிரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், லயத்துக் கூரைகளில் புகை ஏறும். ஆனால் அது விளக்கு வைக்கிற நேரம். பொம்பளைப் பிள்ளை அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அம்மாவின் சட்டம். "ஏ புள்ள, விளக்கு வைக்கிற நேரத்துல என்ன மூலையில குந்திக்கிட்டு இருக்க?" கொப்பியைத் திறந்து பார்த்தால் ஆறிலிருந்து ஏழுக்குள் என்னைக் கூப்பிட்டது சராசரியாக ஒன்பது தடவை. வீட்டில் வேண்டாம், மேல் ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்றால் சிறுத்தை. சிரிக்க வேண்டாம். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுவது மலையகத்தில் ஒன்றும் கதை இல்லை, பெரும்பாலும் அந்தியிலிருந்து விடியல் வரைக்கும்தான் அது வெளியே வரும், எங்கள் தோட்டத்தில் நாய்கள் காணாமல் போவதும் அந்த நேரத்தில்தான்.

மத்தியானம் வேண்டவே வேண்டாம். பன்னிரண்டுக்குக் கொழுந்து நிறுவை, அப்புறம் சாப்பாட்டுக்கு ஆட்கள் வருவார்கள், ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். அதோடு அந்த ஒரு மணி நேரம் செத்தது.

மழை நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஒரு மணி நேரம் ஒரு மழை நாளில்தான் கிடைத்தது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே காலையில் வெயில் அடிக்கும், இரண்டு மணிக்கு மேல் மேகம் ஏறி இடியோடு கொட்டும். தகரக் கூரையில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பத்துக் காம்பராவும் அந்தச் சத்தத்துக்குள் முங்கிப்போகும், இருமல், டிவி, சண்டை எதுவும் வராது. கரண்ட் போகும், சிக்னல் போகும், ஒபிஸும் கூப்பிட முடியாது. அன்றைக்கு இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் மழைநீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மூன்று மணிக்குத் தொடங்கியது நாலே காலுக்கு விட்டபோதுதான் நேரமே தெரிந்தது. அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அவ்வளவு அமைதி. காதுக்கு என்று எழுதிய பத்தியை அன்றைக்கே நிறுத்திவிட்டேன்.

ஆனால் மழையை நம்பி யாரும் நேரம் ஒதுக்க முடியாது. அது வராத நாளும் உண்டு, வந்தால் விடாத நாளும் உண்டு. மே முடிந்து தென்மேற்குப் பருவம் தொடங்கினால் எங்கள் பக்கம் நாள்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் என்கிற வறண்ட காற்று அடித்து எல்லாம் காய்ந்து கிடக்கும். அங்கே இருப்பவர்கள் மழை நேரம் என்று எண்ண வேண்டியது வருடக் கடைசியைத்தான். அதைவிட முக்கியமான ஒன்று, மழை என்றால் இப்போது எங்களில் பலருக்கு அமைதி வருவதில்லை, வயிற்றைப் பிசைகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகம் எங்கும் மண் சரிந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனமாக இருங்கள் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது, எங்கள் லயத்துக்குப் பின்னாலும் ஒரு மண்மேடு இருக்கிறது. பகலில் ஒரு மணி நேரம் கொட்டி ஓய்கிற மழைக்குத்தான் நான் மார்க் போட்டேன். ராத்திரி மழைக்கு அம்மா தூங்குவதே இல்லை.

இனிப் பத்து மணி. இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை, கரண்ட் போனதால் தெரிய வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கரண்ட் போய், லெப்டொப்பில் சார்ஜும் இல்லாமல், வேறு வழியில்லாமல் வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். முதலில் ஏதோ தப்பாக நடந்துவிட்டது போல இருந்தது. லயத்தில் யாருமே இல்லை. ஏழரைக்கே எல்லாரும் மலைக்கு ஏறிவிட்டார்கள், பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், சின்னதுகள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில். பத்து வீட்டில் எட்டு வீடு பூட்டிக் கிடந்தது. கொடியில் காய்கிற துணி, வெயிலில் நீட்டிப் படுத்த இரண்டு நாய், மூங்கில் கூடையைக் கவிழ்த்து அடைத்து வைத்த ஒரு கோழி. தூரத்தில் மேல் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நிற நிறப் புள்ளியாகத் தெரிந்தார்கள். வாய் அசைவதுகூடத் தெரிந்த மாதிரி இருந்தது, சத்தம் வரவில்லை.

வானமும் அந்த நேரத்தில் நமக்கு உதவுகிறது. காலையில் பள்ளத்தில் கிடந்த மூடுபனி ஒன்பதுக்குள் கலைந்துவிடும், மத்தியானத்துக்கு மேல் மலை ஏறி வருகிற மேகம் இன்னும் கிளம்பியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தெளிந்த நேரம். வெயிலும் சுடுகிற வெயில் இல்லை, முதுகுக்கு இதமான வெயில். இதற்கு எதிராகச் சொல்ல இருப்பது மீன்காரரின் மோட்டார்சைக்கிள், அவர் வாரத்தில் இரண்டு நாள், அதுவும் இரண்டு நிமிடம். பாண் ஆட்டோ காலை ஆறரைக்கும் சாயங்காலம் நாலுக்கும்தான், இந்த நேரத்தில் வராது. கொப்பியில் பத்திலிருந்து பதினொன்று வரைக்கும் கூப்பிட்ட கணக்கு: பெரும்பாலும் 0, சில நாள் 1. அந்த ஒன்றும் அம்மாதான், டீ வேண்டுமா என்று கேட்பதற்கு.

அம்மாவிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன். "இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றார். முப்பத்தெட்டு வருடம் மலையில் நின்றவருக்கு, வேலையை விட்ட பிறகுதான் பத்து மணி லயம் எப்படி இருக்கும் என்றே தெரிய வந்ததாம். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பத்து மணியும் காய்ச்சலில் படுத்த பத்து மணியும்தான் அவர் பார்த்தவை. ஞாயிறு என்றால் எல்லா வீட்டிலும் துணி வெளுப்பு, ஸ்பீக்கர் பொக்ஸ், எங்காவது ஒரு சடங்கு வீடு.

இதைக் கேட்டதும் அண்ணியை நினைத்து ஒரு மாதிரியாக இருந்தது. அவர் இன்னும் கொழுந்துக்குப் போகிறவர். அந்தச் சாயங்காலம் பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம், உங்களுக்கு நாளில் எந்த நேரம் அண்ணி அமைதி என்று கேட்டேன். கேட்டதும் வெட்கமாகிவிட்டது, வேலைவெட்டி இல்லாதவள் கேட்கிற கேள்வி மாதிரி. அவர் யோசிக்கவே இல்லை. "நிறுவைக்குக் குடுத்துட்டு வெறுங்கூடையோட வீட்டுக்கு எறங்கி வர்ற பத்து நிமிசம்" என்றார். முதுகில் பாரம் இல்லை, கங்காணி பின்னால் இல்லை, வீட்டு அடுப்பு இன்னும் முன்னால் வரவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது கூடப் பேசிக்கொண்டு வந்தால் அவருக்குப் பிடிக்காதாம், வேண்டுமென்றே செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நின்று பின்தங்கிவிடுவாராம். ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது.

வெளியூரிலிருந்து இரண்டு நாள் வருகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது, அவர்களை இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது கூட்டத்தையும் மேகத்தையும்தான். ஹோர்டன் சமவெளி காலை ஆறுக்குத் திறக்கும், திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒன்பது, பத்துக்கு மேல் அங்கே உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தில் பெரும்பாலும் வெள்ளை மேகத்தைத்தான் பார்ப்பீர்கள். தம்பேதன்ன தோட்டத்துக்கு மேலே இருக்கிற லிப்டன் சீட் காட்சிமுனைக்கும் அதே கதைதான். சிவனொளிபாதமலைக்கு மட்டும் தலைகீழ்: டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரைக்கும் சீசன், சூரிய உதயம் பார்க்க 2,243 மீற்றர் உச்சியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள், அமைதி வேண்டுமென்றால் வார நாளில் போய், உதயம் முடிந்து கூட்டம் இறங்கும் வரைக்கும் ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். நுவரெலியாவுக்கு ஏப்ரலில் அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை, கிரகரி வாவியைச் சுற்றி ஹோர்ன்தான் கேட்கும்.

எனக்கு விஷயம் இரண்டில் ஒன்றாக வந்து நின்றது: விடியற்காலை, அல்லது பத்து மணி. விடியற்காலைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், ஒபிஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அண்ணி அடுப்பில் நிற்கும்போது நான் திண்ணையில் உட்கார வேண்டும், அது என்னால் முடியவில்லை. பத்து மணியில் யாருடைய வேலையும் என் தலையில் ஏறி உட்காரவில்லை, ஆனால் அது ஒபிஸ் நேரம். மெனேஜரிடம் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையை எனக்குப் பத்திலிருந்து பதினொன்றுக்கு மாற்றிக் கொடுங்கள், ஒரு மணிக்கு நான் மேசையில் இருப்பேன் என்றேன். ஏன் என்று கேட்டார். மலைக்காட்டில் சிக்னல் அந்த நேரத்தில் மோசம் என்று ஒரு பொய் சொன்னேன். அமைதிக்காக என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன ஊர் பூரா அமைதிதானே என்று ஆரம்பித்திருப்பார்.

விடியற்காலையை முழுசாக விட்டுவிடவும் இல்லை. நாலரைக்கு எழுந்து அண்ணியோடு குசினியில் நிற்கிறேன், தேங்காயும் சம்பலும் என் பொறுப்பு. அவருக்கு அதில் அரை மணி நேரம் மிச்சமாகிறது. அந்த அரை மணியில் அவர் சும்மா உட்காருவார் என்று எதிர்பார்த்தேன், தூங்குகிறார். சரி, அது அவர் இஷ்டம்.

பள்ளிக்கூட விடுமுறை விட்டால் பத்து மணியும் போய்விடும், பதினேழு பிள்ளைகள் இந்த ஒரு லயத்தில். அந்த வாரங்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. ஸ்டோருக்கு மேலே பழைய பெரட்டுக்களத்தில் ஒரு வாகை மரம் இருக்கிறது, பகல் பத்து மணிக்குச் சிறுத்தை வராது, குளவிக்கூடு மட்டும் இருக்கிறதா என்று அண்ணனைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.